விரித்த கை

சேட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு, வாப்பாவின் மையத்தைக் குளிப்பாட்டும் மறைப்புச் சீலைக்குள் நுழையப்போன ஸுஹைபை அண்ணன் ஜப்பார் நெஞ்சில் கைவைத்துத் தடுத்தான்.

"நீ எங்க வாறாய்?"

"வாப்பாவக் குளிப்பாட்ட, நானா."

"குடு அடிச்ச கை வாப்பாவுல படக்கூடாது. வெளிய நில்லு."

உள்ளே பள்ளிவாசல் லெப்பையும் வாப்பாவின் தம்பியான சாச்சாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஸுஹைபுக்குக் காது சூடேறியது. ஆனால் நானா சொன்னதில் பொய் இல்லை. உம்மாவின் காப்பைக் கழற்றியது, வாப்பாவின் சைக்கிளை விற்றது, மதுரங்குளியில் நானாவின் கடைப் பூட்டை உடைத்தது எல்லாம் இந்தக் கைதான்.

"சரி நானா" என்றுவிட்டுக் குழாயடிக்குப் போய் வாளி நிரப்பினான்.

மௌத்து வீட்டுக்கு வந்த சனத்தோடு அஸ்ஹானும் வந்தான். ஒரு காலத்தில் இருவரும் ஒரே ஈயத்தாளில் போதைத்தூளைச் சுட்டு இழுத்தவர்கள். ஸலாம் சொல்லி ஸுஹைபின் கையை இரண்டு கையாலும் பிடித்தான். விட்டபோது உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது.

"காசு வாணாம் மச்சான். இன்டைக்கு மட்டும். வாப்பா மௌத்தான நாள்ல ஒன்னை யாரு கேக்கிற?"

கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். தந்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான்.

வீசிவிடலாம். முன்பும் வீசியிருக்கிறான், பிறகு மழைக்குள் முட்டுக்காலில் நின்று சாக்கடைக் காணுக்குள் கைவிட்டுத் தேடியவனும் அவன்தான். புனர்வாழ்வு நிலையத்தில் "இனித் தொடவே மாட்டேன்" என்று நெஞ்சைத் தட்டியவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். அவனும் அப்படித் தட்டி, அப்படி விழுந்தவன். இப்போதெல்லாம் சுபஹுத் தொழுகையில் நெற்றி தரையில் பட்டதும் ஒன்றைத்தான் சொல்கிறான்: யா அல்லாஹ், என்னால ஏலாது. அதைச் சொன்ன நாள் எப்படியோ கழிந்துவிடுகிறது.

வாயில் எச்சில் ஊறியது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"ஒனக்குச் சொன்னா விளங்காதா?" ஜப்பார் சீறினான்.

ஸுஹைப் எல்லார் முன்னாலும் கையை விரித்தான். "நானா, இத எடுங்க. என்னால ஏலாது."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்!" என்றார் சாச்சா. "மையத்துக்குப் பக்கத்துலேயே கொண்டாந்திட்டான் பாரு, வெக்கங்கெட்டவன்."

யார் தந்தது என்று ஸுஹைப் சொல்லவில்லை. விரித்த கையை மூடவுமில்லை.

ஜப்பாரின் கை ஓங்கியது. ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கக்கூசுக்குப் போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. அவ்வளவு சின்னப் பொட்டலத்துக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. திரும்பி வந்தபோது அவன் முகமும் நனைந்திருந்தது.

லெப்பை தொண்டையைச் செருமினார். "கால் பக்கத்துக்கு ஆளில்ல."

ஜப்பார் தம்பியைப் பார்க்காமலே சவர்க்காரத்தை நீட்டினான். "நல்லாக் கழுவிட்டு வா."

ஸுஹைப் வாப்பாவின் காலடியில் குந்தினான். குதிகால் வெடிப்புகளில் உப்பளச் சேறு கறுத்து இறுகியிருந்தது. காலையில்கூட வாப்பா அங்கேதான் நின்றார். வரம்பில் சாய்ந்தவர் எழும்பவில்லை. துணியால் தேய்த்தான். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

தலைப்பக்கம் நின்ற ஜப்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு காலடிக்கு வந்தான்.

"மெல்லத் தேய்" என்றான். "வாப்பாக்கு அந்த இடம் நோவும்."

ஸுஹைப் துணியை வைத்துவிட்டு விரல்நுனியால் தேய்த்தான். ஜப்பார் தண்ணீரை மெல்லிய கோடாக விட்டுக்கொண்டிருந்தான்.