தியாகி விட்டுக்கொடுத்த கல்யாணம்

என்னை எனக்கே தெரியாமல் ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற செய்தி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு என் காதுக்கு வந்தது. விட்டுக்கொடுத்தவர் எனக்கு நிச்சயமான மாப்பிள்ளை. வாங்கிக்கொள்ள வந்து நின்றவன் என் பழைய காதலன். நான் அப்போது ஒரு கதாநாயகனின் தும்மலை வெட்டிக்கொண்டிருந்தேன்.

நான் சினிமாவில் எடிட்டர். பன்னிரண்டு வருடமாக ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் அழுவதையும் சிரிப்பதையும் நீளம் பார்த்து நறுக்குவது என் பிழைப்பு. மாப்பிள்ளை வசனம் எழுதுகிறவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. துறையில் எல்லோருக்கும் அவர் தியாகி.

காரணம், அவர் எழுதி ஓடிய ஏழு படங்களுக்கும் கடைசிக் காட்சி ஒன்றேதான். பெண்ணுக்கு ஒருவனோடு நிச்சயமாகியிருக்கும். அவள் மனதில் வேறொருவன் இருப்பான். கல்யாணத்தன்று அந்த நிச்சயமான மாப்பிள்ளை கண்ணில் நீர் முட்ட எழுந்து, பெண்ணின் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கதாநாயகன் கையில் வைத்து, ஒன்றரைப் பக்கம் பேசிவிட்டு வெளியே நடப்பார். தியேட்டரே எழுந்து நின்று கைதட்டும். அரைத்த மாவையே அரைக்கிறார் என்று பத்திரிகையில் எழுதினார்கள். தயாரிப்பாளர்கள் இன்னும் கொஞ்சம் அரையுங்கள் என்றார்கள்.

அவரை எனக்கு ஏன் பிடித்தது என்றால், அவருடைய வசனத்தை நான் வெட்டும்போதெல்லாம் சண்டை போடுவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார், அரை மணி நேரத்தில் இரண்டு கப் டீயோடு திரும்பி வந்து, "நீ வெட்டினதுதான் சரி" என்பார். என் துறையில் இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆண்பிள்ளை அவர். இப்படியே ஐந்து வருடம் போனது. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் என் அக்காதான் பொறுக்க மாட்டாமல், "எத்தனை நாளைக்குடி டீயே குடிச்சிட்டு இருப்பீங்க?" என்று இருவரையும் தன் வீட்டுக்கு வரவழைத்து, கூடத்தில் நிற்க வைத்து மோதிரம் மாற்ற வைத்தாள்.

இனி கேமராமேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவனும் நானும் இரண்டு வருடம் உருகி உருகிக் காதலித்தோம். வெளிநாட்டில் ஒரு படம் கிடைத்துப் போனான். தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகி, மாதம் ஒன்றாகி, நின்றும்போனது. சண்டை என்று ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவன், போயும் போயும் தியாகியின் எட்டாவது படத்துக்கு ஒளிப்பதிவு செய்ய வந்தான்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வியாழக்கிழமை அவன் எடிட்டிங் ரூமுக்கு வந்து, எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்தான். மலை, பனிமூட்டம், கதாநாயகன் கதாநாயகியின் முகத்தைக் கையில் ஏந்தி, "நீ இல்லாம என்னால..." என்று ஆரம்பித்து அவள் நெற்றியிலேயே தும்மிவிட்டான். ஒன்பது டேக், ஒன்பது தும்மல். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சிரிப்பில் பழைய வாசனை ஒன்று வந்து என் மனசு ஒரு நிமிஷம் தடுமாறத்தான் செய்தது. அந்த நிமிஷம் பார்த்துத்தான் தியாகி இரண்டு கப் டீயோடு கதவைத் திறந்தார். பார்த்தார். டீயை வைத்தார். "நான் அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டார்.

நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. பேசியே பிழைக்கிற மனுஷன் பேசாமல் போகிறாரே, ஏதோ எழுதப்போகிறார் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கேமராமேன் வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை, புதிதாக வெட்டிய முடி, அறை முழுக்க சென்ட் வாசம்.

"நேத்து தியாகி என் வீட்டுக்கு வந்தாரு" என்றான்.

"எதுக்கு?"

"உன் விஷயமாத்தான். எல்லாம் பேசி முடிச்சிட்டோம். என்ன மனுஷன் தெரியுமா அவரு? நானே அழுதுட்டேன். உன்னை எனக்கு விட்டுக்கொடுத்துட்டாரு."

"நான் என்ன பழைய ஸ்கூட்டரா? சாவியையும் கொடுத்துட்டாரா?"

"சாவி இல்ல, கவர் கொடுத்தாரு" என்று அப்பாவியாக நீட்டினான்.

கவருக்குள் அவருடைய நிச்சயதார்த்த மோதிரம். கூடவே நான்கு பக்கக் கடிதம். 'உன் சிரிப்பைக் கேட்டேன். அதில் எனக்கான அறை எதுவும் இல்லை என்று புரிந்தது' என்று ஆரம்பித்தது. எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். ஐந்தாவது படத்தில் நான் வெட்டி எறிந்த வரி! வெட்டியதை வீணாக்காமல் பத்திரமாக எடுத்து வைத்து, எனக்கே பரிமாறியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவர் கொடுத்தாரு. நீ என்ன சொன்னே?" என்று இவனைக் கேட்டேன்.

"சரின்னேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

திருதிருவென்று விழித்தான். "உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சோம்."

"போகும்போதும் நீ என்னைக் கேட்கல. வரும்போதும் கேட்கல. இப்ப போறதுக்காவது கேளு."

"போகட்டுமா?" என்றான்.

"போ."

வாசலில் திரும்பி, "சாரி" என்றான். மனசாரத்தான் சொன்னான். நல்லவன், சட்டைதான் வீணாகிவிட்டது.

மத்தியானம் அக்கா போன் பண்ணினாள். அவளுக்கு எப்படியோ சேதி எட்டியிருந்தது. "கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கு. அந்த இருபது நாளுக்கு அப்புறம் கல்யாணம் இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் உயிரை வாங்கறான். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு."

போனை வைத்துவிட்டு அழுதேன். கோபத்தில் கொஞ்சம், மீதி வேறு காரணத்தால். அந்த மனுஷன் எனக்கு வேண்டும். டீ கப்போடு வந்து தப்பை ஒப்புக்கொள்கிற அந்தத் தியாகிதான் வேண்டும். ஆனால் கேட்காமலே கையைத் தூக்கி இன்னொருவன் கையில் வைக்கிறவரோடு நாற்பது வருடம் எப்படிக் குடித்தனம் நடத்துவது? நாளைக்கு என் வேலையை விட்டுக்கொடுப்பார், வீட்டை விட்டுக்கொடுப்பார், அதற்கும் நான்கு பக்கம் எழுதுவார். இது அவருக்குப் புரியாவிட்டால் எனக்குக் கல்யாணம் வேண்டாம். முடிவு பண்ணிவிட்டேன்.

அவரோடு பேசி ஜெயிக்க என்னால் முடியாது. பேச்சு அவர் தொழில். எனக்குத் தெரிந்தது வெட்டுவதும் ஒட்டுவதும்தான். ஏழு படங்களின் கடைசிக் காட்சியையும் கம்ப்யூட்டரில் இறக்கினேன். அதில் மாப்பிள்ளையை எடுத்தேன், கதாநாயகனை எடுத்தேன், கூட்டத்தை எடுத்தேன், இசையை எடுத்தேன். பெண் இருக்கிற ஷாட்டுகளை மட்டும் வரிசையாக ஒட்டினேன். மறுநாள் காலை பத்து மணிக்குள் நான்கு நிமிடப் படம் ஒன்று தயார். "கிளைமாக்ஸ்ல ஒரு சந்தேகம், உடனே வாங்க" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். வேலை என்றால் எந்தத் துக்கத்திலும் வந்துவிடுவார்.

வந்தார். ஆறு நாள் தாடி, தியாகத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். படத்தை ஓட விட்டேன்.

முதல் பெண் பட்டுப்புடவையில் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர். இரண்டாவது பெண் இடது, வலது, கண்ணீர். மூன்றாவது பெண் வலதில் ஆரம்பித்தாள்.

தியாகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டென்னிஸ் மேட்ச் பார்க்கிற மாதிரி இருக்கு!"

நான் சிரிக்கவில்லை. ஐந்தாவது பெண் வரும்போது அவரும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். ஏழாவது பெண்ணின் கையை யாருடைய கையோ பிடித்துத் தூக்கியது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்தது.

"இதுல எந்தப் பொண்ணு என்ன பேசினா?" என்று கேட்டேன்.

அவர் ஒவ்வொரு பெண்ணாக விரல்விட்டு எண்ணி, ஆறாவது விரலில் நிமிர்ந்தார்.

"ஆறாவது பொண்ணு 'ம்'னு ஒரு சத்தம் கொடுத்தா. அதுவும் மூச்சுதான்" என்றேன். "ஏழு பேரோட வாயையும் கட்டின. எட்டாவதா என்னைக் கொண்டுபோய் நிறுத்திட்ட." கோபம் வந்தால் நான் மரியாதையை விட்டுவிடுவேன்.

"நாலாவது படத்துல எழுதினேன்" என்றார் மெல்ல. "அந்தப் பொண்ணு பேசினா. ஷூட் பண்ணினோம். நீ வெட்டிட்ட."

"நானா?"

"இந்த இடத்துல பொண்ணு பேசினா வேகம் போயிடும்னு சொன்ன. நானும் சண்டை போட்டேன். அப்புறம் டீ வாங்கிட்டு வந்து, நீ வெட்டினதுதான் சரின்னேன்."

அலமாரியைக் குடைந்து நாலாவது படத்தின் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். இருந்தது. டப்பிங் ஆகாத குரல், பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல். அந்த நடிகை இரண்டு ஆண்களையும் பார்த்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்க. நான் பேசணும்" என்றாள். அவர்கள் உட்கார்ந்தார்கள். "எனக்கு இவரையும் பிடிக்கும், அவரையும் பிடிச்சிருந்தது. யார் வேணும்னு யோசிக்க எனக்கும் ஒரு தலை இருக்கு. இங்கேயிருந்து தூக்கி அங்கே வைக்க நான் பூந்தொட்டி இல்ல." மொத்தம் நாற்பது வினாடி பேசினாள். நன்றாகவும் பேசினாள்.

அதை வெட்டியவள் நான். வெட்டிய நாளில் எனக்குத் துளி உறுத்தல்கூட இல்லை. இப்போது வெட்கமாக இருந்தது, அதை அவரிடம் சொன்னேன்.

"அப்போ தப்பு நம்ம ரெண்டு பேர் மேலயும்" என்றார், தப்பித்த குரலில்.

"என் மேல நாற்பது செகண்ட். உங்க மேல ஏழு படம், ஒரு கல்யாணம்."

தலையைக் குனிந்துகொண்டார். பேசப்போகிறார் என்று நினைத்தேன். குறைந்தது ஒன்றரைப் பக்கம் வரும், அதில் நிலா வரும், நதி வரும். அவர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் உன்னைக் கேட்டிருக்கணும். இப்ப கேட்கிறேன். உன் மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்றார். அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நான் எடிட்டர், நீளமாகப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்றைக்கு எதையும் வெட்டாமல் பேசினேன். "அன்னிக்கு அவன் சிரிச்சப்போ என் மனசு ஒரு நிமிஷம் ஆடிச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிமிஷம் நீங்க வச்சிட்டுப் போன டீயைத்தான் நான் எடுத்துக் குடிச்சேன். குடிச்சிட்டு, இன்னொரு கப் ஆறிப்போகுதே, இந்த மனுஷன் எங்க போனாருன்னுதான் யோசிச்சேன். அவனைப் பத்தி யோசிக்கல. நீங்க அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். எனக்கு நீங்கதான் வேணும். ஆனா இன்னொரு தடவை என்னைக் கேட்காம எனக்கு நல்லது பண்ணினீங்கன்னா, நான் உங்களை வெட்டிடுவேன்."

அவர் அழுதார். அவர் எழுதிய எந்த மாப்பிள்ளையும் அப்படி மூக்கைச் சிந்தி அழுததில்லை. அந்த மோதிரத்தை எடுத்து நீட்டினேன், தானாகவே வாங்கி மாட்டிக்கொண்டார். அக்காவுக்குப் போன் போட்டு, "இருக்கு" என்றேன். "தெரியும், காலையிலேயே பத்திரிகை அடிக்கச் சொல்லிட்டேன்" என்றாள் அவள். அவளும் என்னைக் கேட்கவில்லை. சரி, ஒரு நாளைக்கு ஒருவரைத் திருத்தினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் பதிவு அலுவலகத்தில் கூட்டம் அதிகம். எங்கள் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது, பதிவாளர் அம்மா அவசரத்தில் இருந்தார். தியாகியிடம், "இந்தக் கல்யாணத்துக்கு உங்களுக்கு முழுச் சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றார் தியாகி. அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன வசனம் அதுதான். பதிவாளர் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடியே, தலையை நிமிர்த்தாமல், "பொண்ணுக்கும் சம்மதம்தானே?" என்று அவரிடமே கேட்டார்.

தியாகி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "அவங்களைக் கேளுங்கம்மா" என்று என் பக்கம் திரும்பி நின்றார்.

பதிவாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"மெதுவாச் சொன்னாலே எழுதிக்குவேம்மா" என்றார் பதிவாளர்.