கூடின கூலியும் முந்நூறு கிடுகும்

நாளொன்றுக்குப் பதினைந்து சதம் எனக்குக் கூலி கூடிய கதையைச் சொல்லப்போனால் வயிறு எரிகிறது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறுவருடம் அது. ஆகக் குறைந்த கூலி இவ்வளவு என்று அரசாங்கம் கட்டளை போட, மாங்கேணித் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரிக்கிற எங்களுக்கும் கூட்டித் தந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கடையில் நின்ற அத்தனை பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துச் செய்தியைச் சொன்னேன்.

அடுத்த கிழமையே தேத்தண்ணி ஒரு சதம் ஏறியது. கடைக்காரன் கதிர்காமத்தம்பியைக் கேட்டால், "உனக்குத்தான் கூட்டிட்டாங்களே வேலன், மறுகா என்ன?" என்கிறான். கருவாடு ஏறியது. மரவள்ளிக் கிழங்கும் ஏறியது. மண்ணுக்குள் கிடக்கிற கிழங்குக்கு யார் போய்ச் செய்தி சொன்னது?

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் கவலை கூரை. மாரிக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பின்னிய தென்னோலைக் கிடுகு உக்கி உதிர்ந்து, ஆறு மாதப் பிள்ளையின் ஏணைத் தொட்டிலுக்கு நேர்மேலே வானம் தெரிந்தது. முந்தின மாரியில் நனைந்து பிடித்த சளியில்தான் மூத்தவளைப் பறிகொடுத்தோம்.

வீட்டுக் கூரை மேய முந்நூறு கிடுகு வேண்டும். நூறு நாலு ரூபாய். சேர்த்த பன்னிரண்டு ரூபாயோடு கிடுகு வியாபாரி றவூப் காக்காவிடம் போனேன்.

"நூறு அஞ்சு ரூபா, தம்பி."

"போன மாசம் நாலுதானே, காக்கா?"

"வண்டில்காரன் கூட்டிக் கேக்கிறான். பின்னுற பொம்புளைகளும் கூட்டிக் கேக்கிறாங்க. நான் எங்க போற?"

எனக்கு வந்ததே கோபம். தோட்டத்து ஓலை என் தலையில்தான் விழுகிறது. அதை ஏலத்தில் எடுத்து அவர் ஊறப்போட, எங்கள் ஊர்ப் பெண்கள் பின்னிக் கொடுக்க, நான் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம். இருநூற்று நாற்பதை வண்டிலில் ஏற்றிக்கொண்டு, கூலி கூட்டிக் கேட்ட பெண்களை வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தேன்.

முற்றத்தில் கிடுகுக் கட்டுகளை அவிழ்த்தேன். கிடுகின் விளிம்பை ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக முடிப்பாள். அதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். கடைசி இலையை இரண்டு தரம் மடித்துச் செருகுகிறவள் ஊரில் ஒருத்திதான். என் மனைவி தெய்வமணி.

"புள்ள, நீயும் கூட்டிக் கேட்டியா?"

அவள் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். "நான்தான் முதல்ல கேட்டன். கிழங்கு விக்கிற விலைக்கு உங்கட பதினஞ்சு சதம் எந்த மூலைக்கு? நூறு பின்னினா பத்துச் சதம் கூடத் தாறார். அதைச் செலவழிக்கல்ல. கூரைக்கெண்டு வெச்சிருக்கன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். முப்பது சதம். ஆறு கிடுகு வாங்கலாம். குறைவது அறுபது. திட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஏணைக்கு மேலே முதலில் மேய்ந்தோம். எங்கள் பாய்க்கு மேலே வரும்போது கிடுகு முடிந்தது.

மாரி தொடங்கிய அன்று பாயைச் சுருட்டிவிட்டு ஏணைக்குப் பக்கத்தில் இருவரும் குந்தியிருந்தோம். பிள்ளை நனையாமல் தூங்கியது. கங்காணி சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். தை மாதம் இன்னும் கூலி கூட்டப்போகிறார்களாம்.

தெய்வமணி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கடையில போய்ச் சொல்லிராதீங்க."