பூட்ஸ் போட்ட இதயம்

தலைமையாசிரியை இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும் ஒரு தத்துவமும் வாங்கிக்கொண்டு வந்தார். சான்றிதழ் சுவரில் ஏறியது. தத்துவம் அறிவியல் டீச்சரின் தலையில் இறங்கியது.

“எழுத்தெல்லாம் உதிர்ந்துடும் டீச்சர். படம்தான் பிள்ளைங்க மனசுல ஒட்டும். இதயப் பாடத்தைத் திரையில படமாவே போட்டுடுங்க. பேரு கீரு எழுதாதீங்க, அழகு கெட்டுடும்.”

டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கான உத்தரவு தலைமையாசிரியையின் மேசை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த நிலைமையில் இருப்பவளுக்கு எந்தத் தத்துவமும் சட்டென்று விளங்கிவிடும்.

மூன்று நாள் கணினி முன்னால் உட்கார்ந்து ஓர் இதயம் செய்தாள். நான்கு அறைக்கு நான்கு நிறம். கண், வாய், சிரிப்பு. அப்படியும் ஏதோ குறைந்தது. இரண்டு கால் வரைந்து சிவப்பு பூட்ஸ் மாட்டிவிட்டாள். பூட்ஸை யாரும் கேட்கவில்லை. அது அவளாகப் போட்டது.

இதயம் திரையில் தாவித் தாவி நடந்தபோது வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அறைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். சிரிப்புச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. அன்றைக்குத்தான் தானும் ஒரு நல்ல ஆசிரியை என்று தோன்றியது. அந்த எண்ணம் தேர்வு நாள் வரைக்கும் தாங்கியது.

கேள்வி ஒன்றுதான்: இதயத்தின் நான்கு அறைகளின் பெயரும் வேலையும் எழுதுக.

‘இதயம் சிவப்பு பூட்ஸ் அணிந்திருக்கும். வலது பூட்ஸில் கெட்ட ரத்தம், இடது பூட்ஸில் நல்ல ரத்தம்.’ இன்னொரு மேதை, ‘பூட்ஸ் இறுக்கினால் மாரடைப்பு வரும்’ என்று மருத்துவமே பார்த்திருந்தான். நாற்பத்தொரு தாளில் முப்பத்தெட்டு இந்த அழகு. சரியாக எழுதிய மூவரில் ஒருத்தி, வகுப்பே ‘தும்மல் ராணி’ என்று கூப்பிடும் பெண். பாடம் நடந்த அன்று அவளுக்கு ஜுரம், வகுப்புக்கே வரவில்லை.

“வகுப்புக்கே வராத உனக்கு எப்படிடீ தெரிஞ்சுது?”

“புக்குல படம் இருந்துச்சு டீச்சர். ஒவ்வொரு அறை பக்கத்துலயும் அதோட பேரு போட்டிருந்துச்சு. மூடி வச்சிட்டு நானே வரைஞ்சு, பேரெழுதிப் பாத்தேன்.” பிறகு ஏக்கத்தோடு, “பூட்ஸ் படத்தை எனக்கு ஒரு தடவை காட்டுவீங்களா? எல்லாரும் அதையே பேசுறாங்க.”

தலைமையாசிரியைக்கு விடைத்தாள்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“நிறம் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காங்க பாருங்களேன்!” அறிக்கைப் படிவத்தை நீட்டினார். ‘நினைவில் நிறுத்தியோர்: 38’ என்று அவரே நிரப்பியிருந்தார். “நீங்க இதுல கையெழுத்துப் போடுங்க. அப்படியே உங்க ஆர்டர்ல நானும் போட்டுடறேன்.”

டீச்சர் பேனாவைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் எதிரே இருப்பவரை மனசுக்குள் திட்டிக்கொள்வது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பூட்ஸ்? பிள்ளைகளுக்கு இதயம் புரிய வேண்டும் என்றா போட்டாள்? தன்னை அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று போட்டாள். அது தெரிந்த பிறகு பேனா கையெழுத்து இடத்துக்குப் போக மறுத்தது. ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கட்டம் இழுத்தாள். ‘நினைவில் நின்றது எது? பூட்ஸ்: 38. அறைகள்: 3.’ அதன் கீழே கையெழுத்திட்டாள்.

“இந்தக் கட்டம் ஃபார்ம்லயே இல்லையே, டீச்சர்.”

“இல்லைங்க மேடம். நான் போட்டேன்.”

“அந்த பூட்ஸ போட்டது யாரு?”

“அதுவும் நான்தான்.”

இழுப்பறை பூட்டப்பட்டது. “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார் தலைமையாசிரியை, மிகவும் மரியாதையாக.

அடுத்த பீரியடில் அவள் சாக்பீஸால் ஓர் இதயம் வரைந்தாள். நசுங்கிய உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. ஒவ்வோர் அறையையும் தொட்டுச் சொல்லி, ஒட்டினாற்போல் பெயரை எழுதி, எல்லாரையும் பார்க்கவிட்டு, பிறகு முழுதாக அழித்தாள்.

“இப்ப நீங்க வரைங்க. பேரோட.”

பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். முதல் பெஞ்சுக்காரன் நான்கு பெயரையும் சரியாக எழுதி, பக்கத்தில் இன்னோர் அறையும் கட்டியிருந்தான்.

“இது என்னடா அஞ்சாவது?”

“யாராச்சும் வந்தா தங்குறதுக்கு டீச்சர்.”

அவள் ரப்பரை நீட்டினாள்.