செட்டு

தையல் கடையில் அவளுக்குப் பெயரே செட்டு என்றாகிவிட்டது. இரண்டரை மீட்டர் கேட்கும் கவுனை இரண்டேகாலில் வெட்டி, மிச்சத்தில் பாக்கெட்டுக்கும் துணி எடுத்துவிடுவாள்.

பட்டன் தைக்கப் புதிதாக வந்தவள் கேட்டாள். "அதென்ன மாஸ்டர், செட்டு? டீ செட்டா, நகை செட்டா?"

"வீணாக்காத கைக்கு அதான் பேரு" என்றார் மாஸ்டர். " இவ துணியில மட்டுமில்ல, வாயிலயும் செட்டு. காலையில ஒரு 'ம்', சாயங்காலம் ஒரு 'வரேன்'. அவ்வளவுதான் செலவு!"

எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டுத்தானே என்று அவளும் குனிந்தபடி சிரித்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி அவளுடைய மாடி அறைக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். இருந்த ஒரே நாற்காலியைக் கொடுத்துவிட்டு அவள் சுவரோரம் நின்றாள். இரண்டாவது நாற்காலிக்கு அங்கே தேவை வந்ததில்லை.

"பெரியவன் வெளியூர்ல வேலைக்குப் போயிட்டான். அவன் ரூம் சும்மாக் கிடக்கு. இங்க ஒத்தையில கிடக்காம வந்துடேன். உங்கண்ணன்தான் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

வந்துடுறேன் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. கேட்டதும் பாய்ந்து சொன்னால் இதற்காகவே காத்துக்கிடந்தவள்போல் ஆகிவிடாதா? இன்னொரு தடவை கேட்கட்டும்.

"பார்க்கலாம் அண்ணி."

அண்ணி நாற்காலியைவிட்டு எழுந்தாள். "சரிம்மா. உன் இஷ்டம்."

அந்த வாரம் முழுக்க வெட்டுத் துண்டுகளைச் சேர்த்து அண்ணன் வீட்டு அறை ஜன்னலுக்கு ஒரு திரை தைத்தாள். சனிக்கிழமை கடைசித் தையலைப் போட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"அண்ணி, நான் வந்துடுறேன்."

"அடிப்பாவி! அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ மென்னு முழுங்கினதும் வர மனசில்லைன்னு நெனச்சோம். நேத்துதான் ஒரு டீச்சரம்மா அந்த ரூமுக்குக் குடி வந்தாங்க. உங்கண்ணன் நாலு தடவை கேட்டாரு, 'நெஜமாவே பார்க்கலாம்னா சொன்னா'ன்னு."

"பரவாயில்ல அண்ணி."

"அப்ப வைக்கட்டுமா?"

திரை மடியில் கிடந்தது.

"வைக்காதீங்க" என்றாள். அண்ணியின் முட்டிவலியை விசாரித்தாள். அண்ணன் இன்னும் குறட்டை விடுகிறாரா என்று கேட்டாள். அந்த டீச்சரம்மா ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டாள். கேள்விகள் தீர்ந்துபோயின. பட்டன்காரி ஒரு கோட்டுக்கு எல்லாப் பட்டனையும் உள்பக்கமாகத் தைத்துவைத்த கதையை, யாரும் கேட்காமலே, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.