இழுவைத் தாமின் கடைசிச் சாவு

துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளை உறைக்குள் ஒரு மிட்டாய், ஒரு காசு, கண் துடைக்க ஒரு மெல்லிய தாள். மூன்றையும் போட்டு, வாயை மடித்து, அடுக்கிக்கொண்டே போனான் சிட்வா. கை அவ்வளவு வேகம். எதிரே உட்கார்ந்து, இறந்துபோன அப்பாவோடு சேர்த்து எரிப்பதற்காகப் பொன் காகிதம் மடித்துக்கொண்டிருந்த யுக்லானுக்கு அவனைப் பார்க்கவே ஆறுதலாக இருந்தது. கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் இருந்திருந்தால்கூட இப்படி எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்திருக்க மாட்டான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அன்று சாயங்காலமே தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"ஒண்ணு ஒண்ணா போடு தம்பி," என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை. அண்ணன் போய்விட்ட துக்கத்திலும் அவள் நாக்கு மட்டும் ஓயவில்லை. "உன் ரசிகர் கூட்டம் அள்ளிட்டுப் போயிடும்."

"எல்லாம் நல்ல பசங்க அத்தை."

"நல்ல பசங்களா? கீழே ஒருத்தன் நெஞ்சுல கத்தி குத்தின சட்டையோட நிக்கறான். நான் ஆம்புலன்சைக் கூப்பிடப் போயிட்டேன். அப்புறம் பார்த்தா நின்னு நூடுல்ஸ் சாப்பிடறான்."

யுக்லானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறுதிச்சடங்குக் கூடத்தில், அப்பா படுத்திருக்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து சிரிக்கிறோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அப்பாவுக்கு அது பிடித்துத்தான் இருக்கும்.

தாம் கம்-சோய் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஹாங்காங்கில் ஒருவருக்கும் தெரியாது. 'இழுவைத் தாம்' என்றால் தெரிந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். அந்தக் காலத்துச் சண்டைப் படங்களில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டாவது அடியாள் அவர். படம் தவறாமல் சாவார். மற்றவர்கள் குத்தினால் விழுவார்கள், கதை நகரும். தாம் விழமாட்டார். குனிந்து கத்தியைப் பார்ப்பார். குத்தியவனை நிமிர்ந்து பார்ப்பார். நாற்காலி தேடி, தூசி தட்டி உட்காருவார். மேஜையில் தேநீர் இருந்தால் ஊற்றிக் குடிப்பார். குடித்தது காயத்தின் வழியே வெளியே வரும். அதையும் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகு வலது கையைத் தூக்கி, சுண்டுவிரலை மட்டும் மடக்கி, யாரையோ கிட்ட வா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் உயிரை விடுவார். இயக்குநர் கட் சொல்லி, கதாநாயகன் சிகரெட் பற்றவைத்த பிறகும் இவர் சாவு ஓடிக்கொண்டிருக்கும். ரத்தத்தைக்கூட ஒப்பனைக்காரரிடம் வாங்கமாட்டார். வீட்டிலேயே சர்க்கரைப் பாகில் காய்ச்சி, சோயா பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போவார். ஒருநாள் அது தெரியாமல் அம்மா அதை ஊற்றி மீன் வேகவைத்துவிட்டாள்.

முப்பது வருஷம் அவரை யாரும் நினைக்கவில்லை. பிறகுதான் சிட்வா வந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. பழைய படச்சுருள்களில் வெட்டி எறிந்த தாமின் சாவுகளைத் தேடித் தேடிச் சேர்த்து, குவுன்டாங்கில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் திரையிட்டான். அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்தான். திரையில் அந்தக் கை மேலே போனபோது, பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கையைத் தூக்கிச் சுண்டுவிரலை மடக்கினார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார். யுக்லான் அவர் அழுது பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்குப் பிடித்த வாத்துக் கழுத்து வறுவலோடு வீட்டுக்கு வந்துவிடுவான்.

"மத்தவங்க எல்லாம் டைரக்டர் சொன்னா சாவாங்க அக்கா," என்பான். "தாம் மாமா, தனக்குத் திருப்தியானாத்தான் சாவார்."

"பல் தேய்க்கறதும் அப்படித்தான். அரை மணி நேரம் குளியலறைக்குள்ள யாரும் போக முடியாது," என்பாள் யுக்லான். அப்பா இருவரையும் பார்த்துப் பெருமையாகச் சிரிப்பார். அம்மா போன பிறகு வீட்டில் அந்தச் சிரிப்பு வந்ததே இவனால்தான். அந்த நன்றிக்காக வீட்டுச் சாவி ஒன்றைக்கூட அவனிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செத்ததாக நடித்தவருக்குப் படப்பிடிப்பு முடிந்ததும் ஒரு சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். அவர் அதை வீடு போய்ச் சேர்வதற்குள் ஏதாவது இனிப்பு வாங்கிச் செலவழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நடித்த சாவு கூடவே வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் சின்ன வயதில் யுக்லானுக்கு, அப்பா செத்த நாளெல்லாம் இஞ்சி மிட்டாய். வாசலிலேயே நின்று, "இன்னைக்குச் செத்தீங்களாப்பா?" என்று கேட்பாள். அம்மா உள்ளேயிருந்து வந்து வாயிலேயே ஓர் அடி போடுவாள்.

கடைசி நாளிலும் அப்பா இஞ்சி மிட்டாய்தான் கேட்டார்.

"மூச்சே விட முடியலை, மிட்டாயா?" என்றாள் யுக்லான். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். மூக்கில் குழாய்.

"வாய் கசக்குது. ஷாம்சுய்போ கடையில வாங்கிட்டு வா. கீழே விக்கறது வேண்டாம், அது வெறும் சர்க்கரை."

"அவ்வளவு தூரம் போயிட்டு எப்பப்பா வர்றது?"

"நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

"நான் இருக்கேன் அக்கா, நீங்க போயிட்டு வாங்க," என்றான் சிட்வா.

மிட்டாய்ப் பொட்டலத்தோடு அவள் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. வெளியே சிட்வா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தூக்கத்துலயே போயிட்டார் அக்கா. ஒரு வார்த்தை பேசலை. யாரையும் தேடலை," என்றான். அவன் தோளில் சாய்ந்து அழுதாள். யாரையும் தேடவில்லை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. நர்ஸ் கொடுத்த அப்பாவின் பல்செட்டையும் கண்ணாடியையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கூடவே ஒரு சிவப்பு உறையும் இருந்தது. புத்தாண்டுக்கு யாரோ கொடுத்து மறந்துபோனது என்று நினைத்து, அதையும் மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தாள்.

சாயங்காலம் கூட்டம் வரத் தொடங்கியது. சடங்கு நடத்துபவர் குரல் கொடுக்கக் கொடுக்க, வந்தவர்கள் அப்பாவின் படத்தின் முன் மூன்று முறை குனிந்தார்கள். யுக்லானும் அத்தையும் பதிலுக்குக் குனிந்தார்கள். ரசிகப் பிள்ளைகள் காகிதத்தில் ஒரு நாற்காலியும் தேநீர்க் கோப்பையும் செய்து எடுத்துவந்திருந்தார்கள், அப்பாவோடு எரிக்க. அங்கே போயும் சாவு இழுக்க வசதியாக இருக்கட்டும் என்றாள் அத்தை. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் குனிந்து எழுந்து, நேராக வந்து யுக்லானின் கையைப் பிடித்துக்கொண்டாள். யீ என்று பெயர் சொன்னாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"எத்தனை தடவை பார்த்தாலும் மனசு ஆறலை அக்கா. அந்தக் கடைசிக் கை இருக்கே..."

"எந்தப் படத்துல?"

"படம் இல்லை அக்கா. ஆஸ்பத்திரியில எடுத்தது." யுக்லானின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "சிட்வா அண்ணன் நம்ம ரசிகர் குழுவுல போட்டாரே. நீங்கதான் எல்லாரும் பார்க்கட்டும்னு சொன்னீங்கன்னு..."

யுக்லான் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஆமா. என் போன்ல சரியா வரலை. கொஞ்சம் குடும்மா, பார்த்துட்டுத் தர்றேன்."

படத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார். முகத்துக்கு ரோஜா நிறம் அதிகமாகப் பூசியிருந்தார்கள்; ஒப்பனைக்காரர்களை அவர் நம்பாமல் போனது சரிதான். யுக்லான் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஓடவிட்டாள்.

ஜன்னலோரக் கட்டில். அப்பா மூக்குக் குழாயை, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வதுபோல, நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். கையில், முன்கூட்டியே வாங்கிக்கொண்ட சிவப்பு உறை. கண்ணில் அந்தப் பழைய குறும்பு.

"அவ போயிட்டாளா?" என்றார்.

"போயிட்டாங்க. லிஃப்ட்ல ஏறினதைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்," என்றது சிட்வாவின் குரல்.

"அவ இருந்தா விடமாட்டா. சரி, ஆரம்பிக்கலாம்."

நெஞ்சில் இல்லாத கத்தியைக் குனிந்து பார்த்தார். தலையணையைத் தூசி தட்டினார். தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். படம்பிடிப்பவன் அடக்கமாகச் சிரிப்பது கேட்டது. பிறகு வலது கை மேலே எழுந்தது. பாதியில் நின்றது. அப்பாவின் முகத்திலிருந்து குறும்பு போய்விட்டது. கதவுப் பக்கம் பார்த்தார்.

"அவ வந்துட்டாளா?"

"வருவாங்க, வருவாங்க. கையை இன்னும் கொஞ்சம் மேல, தாம் மாமா."

"யுக்லான்," என்றார் அப்பா. கை மேலே போகவில்லை. பக்கத்தில் நாற்காலி இருந்த இடத்தை, தினமும் அவள் உட்காரும் இடத்தை, தடவிவிட்டுப் போர்வையின் மேல் விழுந்தது. அதன் பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. அசையாத அப்பா. ஆடாமல் அசையாமல் காத்திருந்த கேமரா. வெகுநேரம் கழித்து, "பிரமாதம் மாமா, எழுந்திருங்க," என்ற குரலோடு முடிந்தது.

யுக்லான் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தாள்.

"என்னை அனுப்பிட்டீங்க இல்லப்பா," என்றாள். "மிட்டாய்னு சொல்லி."

ஷாம்சுய்போவில் அந்தக் கடைக்காரர் புதுப் பாகு ஆறட்டும் என்றபோது, அப்பாவுக்காச்சே என்று பொறுமையாக நின்றதை நினைத்தாள். ஆத்திரம் வந்தது. பெற்றவர் அவளை ஏமாற்றி வெளியே அனுப்பினார். தம்பியாக வந்தவன், வருவாங்க வருவாங்க என்று அவரை ஏமாற்றி அங்கேயே படுக்கவைத்தான். அவள் இரண்டு பேருக்கும் வாத்துக் கழுத்து பரிமாறியவள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்து யீயிடம் கொடுத்தாள்.

உறை மேஜைக்குப் பின்னால் சிட்வா நின்றிருந்தான். குடும்பத்தாரைப்போலவே கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தான். அவள்தான் ஊசி குத்திக் கட்டிவிட்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தான். யீயின் கையில் இருந்த போனைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"அவருதான் கேட்டார் அக்கா," என்றான் தாழ்ந்த குரலில். "கடைசியா ஒண்ணு எடுத்துடுடா, இனிமே யாரும் வெட்ட முடியாதுன்னு. நான்... அவர் நடிக்கறாருன்னுதான் நினைச்சேன். சத்தியமா. அவர் எப்பவும் எழுந்திருப்பாரே அக்கா."

அது பொய்யில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அந்தக் கையை அத்தனை தடவை பார்த்தவன், அன்றைக்கு அந்தக் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

"என் பேரைச் சொன்னாரே. அது காதுல விழலையா?"

அவன் நேராக இருந்த உறை அடுக்கையே மறுபடி நேராக்கினான்.

"சரி, அப்ப தெரியலை. அப்புறம் தெரிஞ்சதில்ல? தெரிஞ்ச பிறகுதானே யாரையும் தேடலைன்னு எங்கிட்ட சொன்னீங்க. தெரிஞ்ச பிறகுதானே எல்லாருக்கும் போட்டீங்க."

இத்தனை வருஷமாக நீ, வா, போ என்றவள் நீங்க என்றதும் அவன் கண் கலங்கிவிட்டது. "எடுத்துடறேன் அக்கா. இப்பவே அழிச்சுடறேன்."

யுக்லான் கையை நீட்டி அவன் தோள்பட்டைக்குக் கீழே இருந்த கறுப்புப் பட்டையை ஊசியோடு கழற்றினாள். குத்திவிடக் கூடாதே என்று பார்த்துத்தான் கழற்றினாள். பிறகு அவன் அடுக்கிவைத்த வெள்ளை உறைகளில் மேலே இருந்ததை எடுத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள், எல்லா விருந்தாளிகளுக்கும் நீட்டுவதுபோல.

"வந்ததுக்கு நன்றி. மிட்டாயைப் போற வழியிலயே சாப்பிட்டுடுங்க. காசையும் செலவு பண்ணிடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் கைப்பையைத் திறந்து சிவப்பு உறையை எடுத்தாள். சாவு வீட்டில் சிவப்பா என்று பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை எழுந்தே விட்டாள்.

"இது உங்களோடது," என்றாள் யுக்லான். "செத்த மாதிரி நடிச்சவங்களுக்குத்தான் இதைக் கொடுப்பாங்க. அப்பா நடிக்கலை."

ஒரு கையில் வெள்ளையும் ஒரு கையில் சிவப்புமாக அவன் லிஃப்டுக்குக் காத்து நின்றான். யாரும் அவனிடம் பேசவில்லை. நெஞ்சில் கத்தி குத்திய சட்டைக்காரன் மட்டும் ஏன் கிளம்பிட்டீங்க அண்ணே என்று கேட்டுப் பார்த்தான்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்லை அத்தை. வீட்டுப் பூட்டை மாத்தணும்."

தன் இடத்தில் போய் நின்றாள். கைப்பை இன்னும் திறந்தே இருந்தது. இஞ்சி மிட்டாய்ப் பொட்டலம் உள்ளே சூட்டில் இளகி, காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. ஒன்றை நகத்தால் உரித்து எடுத்து வாயில் போட்டாள். காகிதம் கொஞ்சம் கூடவே வந்தது. நல்ல காரம், வெறும் சர்க்கரை இல்லை.

சடங்கு நடத்துபவர் குரல் கொடுத்தார். வயதான ஒருவர், அந்தக் காலத்துக் கேமராக்காரராம், தடியை மகனிடம் கொடுத்துவிட்டுப் படத்தின் முன் மூன்று முறை குனிந்தார். யுக்லான் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பதிலுக்குக் குனிந்தாள்.