பத்து நாள் மட்டும்

மூக்கம்மாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை, நேரே தம்பியின் மருந்துக்கடைக்குத்தான் போனாள்.

மூக்கம்மா என்பது பட்டப்பெயர். சோப்புக் கம்பெனியில் ஒவ்வொரு கலவையையும் மோந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வது அவள் வேலை. மூக்குக்குள் சதை வளர்ந்ததும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். நாலாம் நாள் எலுமிச்சை வாசம் எலுமிச்சையாகவே வந்தது, அழுதேவிட்டாள். பத்து நாள் கழித்து மாத்திரையை நிறுத்தி, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே கொடுத்தார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், விடாமல் அடிக்கணும் என்றார். இவளுக்கு ஏது பொறுமை? அண்ணாந்தபடி அடித்து, உறிஞ்சின வேகத்தில் மருந்தெல்லாம் தொண்டைக்குள் போனது. வாசம் மறுபடி மங்கியது. பழைய மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டு தம்பியிடம் ஓடினாள். எட்டு மாதமாக மாத்திரை வந்துகொண்டே இருந்தது.

இன்று, கண் மங்குகிறதென்று போனவளிடம் டாக்டர் போட்டு உடைத்தார். சர்க்கரை ஏறியிருக்கிறது, கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது. எல்லாம் அந்த மாத்திரையின் வேலை, முகம் உப்பியிருப்பதும் அதனால்தான். திடீரென்று நிறுத்தவும் கூடாதாம், அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கணுமாம்.

"படிச்சவன்தானேடா நீ? மிட்டாய் மாதிரி அள்ளிக் கொடுத்திருக்கே!"

"வாசம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு! அதான்டா வயிறு எரியுது. வராம இருந்திருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பேன்."

தம்பி இழுப்பறையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து விரித்தான். மடிப்புக்குள் டாக்டரின் எழுத்து: பத்து நாள் மட்டும்.

"நீ மடிச்சுத்தான் கொடுத்தே. நான் பிரிச்சுப் பார்த்தேன்க்கா. வேலை போயிடும்னு நீ கெஞ்சினதும் திரும்ப மடிச்சிட்டேன்."

அறையலாம் போலிருந்தது. யாரை அறைவது? கையை ஓங்கியவள் அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் சுருங்கிக் கிடந்தது. தம்பி நல்லா பூசினாப்போல ஆயிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவளும் இவள்தான்.

"டேய், நீயுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் அடைப்புதான். உனக்கு நல்லா கேட்டுச்சே... நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதானேக்கா."

"எத்தனை மாசமா?"

"ஆறு."

மூக்கம்மா ஷட்டரைப் பிடித்து இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. ஓங்கி ஒரு உதை விட்டாள்.

"டாக்டர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாரு. வெளியே வாடா, பாவி!"