எட்டாவது வார்டின் கை

பேரூராட்சித் தேர்தலில் எட்டாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். ஜெயித்தது வெங்கடம்மாளாகிய நான். தொண்ணூற்று ஆறாம் வருஷம் முடிந்து தொண்ணூற்று ஏழும் பிறந்தது. கூட்டத்துக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தது என்னவோ என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிதான். ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. மற்ற பெண் உறுப்பினர்களின் புருஷன்மாரும் வெள்ளை வேட்டியில் வரிசையாக உட்கார்ந்து, முறுக்கும் காபியும் சாப்பிட்டு, கை தூக்கிவிட்டு வந்தார்கள்.

அன்று காலை ஓடையோரத் தெரு ஆமினா பீவி மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, எங்க கெணத்துக்கு மேல்பக்கம் சாயப்பட்டறை வருதாமுங்க. இன்னிக்குக் கூட்டத்துல அண்ணன் அதுக்குக் கை தூக்கப் போறாராமுங்க. சாயத்தண்ணி எறங்குனா நாங்க எதைக் குடிக்கறதுங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டறை போடுவது என் நாத்தனார் வீட்டுக்காரர். என்னிடம் மூச்சு விடவில்லையே இந்த மனுஷன்! உடுத்திய சேலையோடு கிளம்பினேன். ஆமினாவும் கூடவே வந்து பேரூராட்சி வாசலில் நின்றுகொண்டாள்.

உள்ளே தீர்மானத்தைப் படித்து முடித்து, அதிகாரி கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு ஆதரவாக ஒரே ஒரு கை கூடுதல். தூக்கிய கையோடு என் வீட்டுக்காரரும் இருந்தார்.

"ஏனுங்க, எந்திரிங்க. அது என்ற நாற்காலி."

"ஊட்டுல பேசிக்கலாம், போ."

"ஊட்டுலதான் நீங்க பேசவே இல்லையே! ஆபீசருங்க, எட்டாவது வார்டு நானு. நான் இதுக்கு ஒத்துக்கலைங்க. அவரு தூக்குன கை செல்லாதுங்க."

தலைவர் மருதாசலம் சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. அதனால்தான் அவரிடம் எனக்குப் பயம்.

"தாராளமா செல்லாதுன்னு எழுதிக்கலாம், அம்மணி. போன மாசம் உங்க ஓடையோரத் தெருவுக்குக் குழாய் போடறதுக்கும் இதே கைதானுங்களே தூக்குச்சு? அதுவும் ஒத்தைக் கையிலதான் தேறுச்சு. அப்ப அதுவும் செல்லாதுங்களே?"

அந்தக் குழாய்க்காக வீட்டில் எத்தனை சண்டை போட்டிருப்பேன்! தெருமுனையில் பைப்புகள்கூட வந்து இறங்கிவிட்டன. மற்ற புருஷன்மாரின் கைகளைப் பற்றித் தலைவர் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய பெண்டாட்டிகள் யாரும் வந்து மறுக்கவில்லையே, அவருக்கென்ன! நான் யோசித்துப் பார்த்தேன். கோடையில் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் பெரிய விஷயம். கிணறு கெட்டால் கெட்டதுதான்.

"ரெண்டுமே செல்லாதுன்னு எழுதிக்கங்க" என்றேன். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு, பட்டறைத் தீர்மானம் தோற்றது என்றார். அத்தனை பேர் முன்னால் அழுகை வந்துவிட்டது, அதில் எனக்கு என் மேலேயே எரிச்சல். வீட்டுக்காரர் எழுந்து, என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய், வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் ஆமினா காத்திருந்தாள்.

"கெணறு தப்பிச்சுதுங்களா?"

"தப்பிச்சுது. ஆனா குழாய் வராது ஆமினா. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

அவள் முகம் விழுந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இந்தப் பட்டறையை அடுத்த கூட்டத்துல மறுக்காவும் கொண்டு வருவாங்களேக்கா. அப்ப யாருங்க வருவீங்க, நீங்களா, அண்ணனா?"

"நாந்தான் வருவேன்" என்றேன். ராத்திரிச் சோற்றுக்கு என் வீட்டுக் கதவு திறக்குமா என்பதே அப்போது எனக்குத் தெரியாது.